சிமெண்ட் பாலில் ஒட்டாத டைல்ஸ்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் சனிக்கிழமை வீட்டு இணைப்பில் தரை வகைகளைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். மார்பிள், கிரானைட், விட்ரிஃபைட், மரத்தரை, கார்ப்பெட் என்று வரிசையாக எழுதி, எந்த அறைக்கு எது பொருந்தும், எதைத் துடைப்பது சுலபம் என்றெல்லாம் கட்டுரையாளர் சொல்லியிருந்தார். படங்களும் நன்றாக இருந்தன. அதிலெல்லாம் எனக்கு வழக்கு இல்லை. நடுவில் ஒரு வரிதான் இந்தக் கடிதத்தை எழுத வைத்தது. விட்ரிஃபைட் டைல்ஸ் தண்ணீரை உறிஞ்சாது என்றும், அதை வழக்கமான சிமெண்ட் கலவையிலேயே பதித்துக்கொள்ளலாம் என்றும் ஒரே மூச்சில் எழுதிவிட்டார். முதல் பாதி சரி. முதல் பாதி சரி என்பதாலேயே இரண்டாவது பாதி தப்பு.

நான் மதுரையில் டைல்ஸ் வேலை எடுத்துச் செய்யும் மேஸ்திரி. தொழிலுக்கு வந்த காலத்தில் டைல்ஸ் என்றால் மொசைக் டைல்ஸ்தான். வசதியான வீடுகளில் டைலாக வாங்காமல் இடத்திலேயே மொசைக் போடுவார்கள். கீழே கான்கிரீட் போட்டு, கண்ணாடிப் பட்டைகளை நட்டுக் கட்டம் பிரித்து, வெள்ளை சிமெண்டில் கலர் பொடியும் மார்பிள் சிப்ஸும் கலந்து பரப்புவோம். மேலே சிப்ஸ் தூவி, உருளை உருட்டி அமுக்கி, தண்ணீர் கட்டி வைப்போம். நன்றாக இறுகிய பிறகு தேய்க்கும் மிஷின் ஏறும். 60, 120, 320 என்று தேய்க்கும் கல்லின் நம்பர் ஏற ஏற வழவழப்பு வரும். ஒவ்வொரு கல் ஓட்டி முடித்ததும் சிமெண்ட் பால், அதாவது தண்ணீரில் கரைத்த சிமெண்ட், பூசி ஊசி ஓட்டைகளை அடைத்துவிட்டு, காய்ந்த பிறகு அடுத்த கல். கடைசியில் ஆக்ஸாலிக் பொடி போட்டுத் தேய்த்தால் ட்யூப் லைட் தரையில் தெரியும். அந்த மிஷின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்ற பையன் நான். கால் விரல் இடுக்கெல்லாம் வெள்ளைச் சேறாக இருக்கும்.

அந்தக் கண்ணாடிப் பட்டை அழகுக்கு என்றுதான் வீட்டுக்காரர்கள் நினைத்தார்கள். அழகும் உண்டு. ஆனால் பட்டை வைத்தது வேறு காரணத்துக்காக. சிமெண்ட் தரை காயும்போது சுருங்கும். விரிசல் விழத்தான் செய்யும். அது கோணல்மாணலாக ஓடாமல் பட்டை ஓரமாக நின்றுகொள்ள ஓர் இடம் கொடுத்தார்கள் பழைய மேஸ்திரிகள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

மொசைக் டைலோ, கடப்பா கல்லோ, பிறகு வந்த செராமிக் டைலோ, எதைப் பதித்தாலும் முறை ஒன்றுதான். தளத்தின் மேல் வறட்டுக் கலவையை, அதாவது தண்ணீர் குறைத்த சிமெண்ட் மணல் கலவையை, ஒன்றரை இரண்டு இன்ச்சுக்குப் பரப்பி, மட்டப்பலகையால் இழுத்து, ரசமட்டம் பார்த்து, மேலே சிமெண்ட் பாலை ஊற்றி, டைலை வைத்து ரப்பர் சுத்தியலால் தட்டுவது. டைலை முன்கூட்டியே தண்ணீர்த் தொட்டியில் போட்டு, குமிழி அடங்கும்வரை ஊற வைப்போம். குமிழி வருவதே உள்ளே துளைகள் இருப்பதற்கு அடையாளம். அந்தத் துளைகளுக்குள் சிமெண்ட் பால் இறங்கி, இறுகி, வேர் பிடிக்கும். சுவர் டைல் தன் எடையில் 10 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்கும். சாதாரண செராமிக் தரை டைல் 3 முதல் 6 சதவீதம். அதனால் அந்த முறையில் போட்ட தரைகள் இன்றைக்கும் பல வீடுகளில் நன்றாகவே இருக்கின்றன.

விட்ரிஃபைட் டைல் அப்படியில்லை. மிக அதிக சூட்டில் சுட்டு, கண்ணாடிப் பதம் வரும்வரை இறுக்கிய பொருள். அது உறிஞ்சும் தண்ணீர் அரை சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்பது தர விதி. நம் ஊர்க் கடைகளுக்கு வரும் டைல்களில் பெரும்பகுதி குஜராத்தின் மோர்பியில் தயாராகிறது. அங்கே அதைவிடவும் குறைவாகவே வைத்துச் செய்கிறார்கள். துளையே இல்லாத இடத்தில் சிமெண்ட் பால் எங்கே வேர் பிடிக்கும்? போதாக்குறைக்கு, சூளையில் உருளைகளில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க டைலின் பின்பக்கம் ஒரு வெள்ளைப் பூச்சு கொடுத்திருப்பார்கள். புது டைலைத் திருப்பி விரலால் தடவிப் பாருங்கள், பொடி ஒட்டும். அந்தப் பொடியைத் துடைக்காமல் வைத்தால் பசையானாலும் சரி, சிமெண்டானாலும் சரி, ஒட்டுவது பொடியில்தான், டைலில் இல்லை.

கல் மாறிப்போனது, எங்கள் கை மாறவில்லை. இதுதான் இந்தத் தொழிலில் இன்றைக்கு நடக்கும் சங்கதி.

கோடையில் திருநகர்ப் பக்கம் ஒரு வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் வீடு. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருக்கிறார்கள். ஹாலில் பட்டாசு வெடித்தது போல ஒரு சத்தம், தொடர்ந்து படபடவென்று. கேஸ் சிலிண்டர்தான் வெடித்துவிட்டது என்று அம்மா வாசலுக்கே ஓடிவிட்டார்களாம். வந்து பார்த்தால் ஹாலின் குறுக்கே இரண்டு வரிசை டைல்கள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து கூடாரமாக எழும்பி நிற்கின்றன. ஒரு டைல்கூட உடையவில்லை. ஓரம் இரண்டு மட்டும் சில்லுப் போயிருந்தது.

ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பினேன். கம்பெனி அச்சடித்த எழுத்து, சின்னச் சின்னக் கட்டங்கள், எல்லாம் கடையில் வாங்கிய அன்றைக்கு இருந்தபடியே சுத்தமாக இருந்தன. ஒரு பொட்டு சிமெண்ட் இல்லை. கீழே குனிந்து கலவையைப் பார்த்தால் அதே எழுத்து, அதே கட்டம், கண்ணாடியில் பார்ப்பது போலத் திரும்பிப் பதிந்திருந்தது. இத்தனை வருடம் அந்த டைல் ஒட்டாமலேயே, சும்மா அச்சில் உட்கார்ந்திருந்திருக்கிறது. டைல் கம்பெனிமேல் வழக்குப் போடப் போவதாக சார் சொன்னார். "சார், டைல் உடையவே இல்லையே, கம்பெனிக்காரன் அதையே எடுத்துக் காட்டி ஜெயித்துவிடுவான்" என்றேன்.

ஏன் அன்றைக்கு எழும்பியது என்று கேட்டார். டைல் சூட்டில் விரியும். காலப்போக்கில் காற்றின் ஈரத்திலும் துளி விரியும். கீழே இருக்கும் கான்கிரீட்டோ வருடக்கணக்கில் சுருங்கிக்கொண்டே போகும். இரண்டும் எதிரெதிராக இழுக்கின்றன. நடுவில் இடைவெளி இருந்தால் அங்கே தாங்கிக்கொள்ளும். இந்த ஹாலில் டைலும் டைலும் முட்டிக்கொண்டிருந்தன. ஓரத்தில் டைல் சுவரை முட்டி, அதன்மேல் சுவரடிப் பட்டையான ஸ்கர்ட்டிங்கை வைத்துச் சிமெண்டால் அடைத்திருந்தார்கள். எந்தப் பக்கமும் நகர வழியில்லை, கீழே பிடிமானமும் இல்லை. மேலே எழும்புவதைத் தவிர அந்த டைலுக்கு வேறு வழி என்ன இருக்கிறது?

இந்தக் குற்றத்தை முழுக்கக் கொத்தனார்மேல் போட்டுவிட முடியாது. டைலுக்கு டைல் 2 மில்லிமீட்டர், 3 மில்லிமீட்டர் இடைவெளி விடும் துண்டு, அதாவது ஸ்பேசர், வைக்கலாம் என்று சொன்னால் பாதி வீட்டில் ஒப்புக்கொள்வதில்லை. "கோடு தெரியக்கூடாது மேஸ்திரி, ஒரே கல்லு மாதிரி இருக்கணும், கோட்டுல அழுக்குச் சேரும்" என்பார்கள். மேஸ்திரிக்கும் அதுதான் வசதி. ஸ்பேசர் வைத்து வரிசை பிசகாமல் கொண்டுபோவது கூடுதல் வேலை. இரண்டு பேரும் சந்தோஷமாகச் சேர்ந்து செய்யும் தப்பு இது. கோட்டில் அழுக்குச் சேரும் என்ற பயம் நியாயமானதுதான். அதற்கு எபாக்ஸி கிரவுட் இருக்கிறது. கிரவுட் என்றால் டைல்களுக்கு நடுவில் உள்ள கோட்டை நிரப்பும் பூச்சு. ரெசினும் ஹார்டனரும் கலந்து பூசுவது. சிமெண்ட் கிரவுட்டைப் போலக் கறை குடிக்காது. விலை கூடுதல்தான், ஆனால் ஒரு வீட்டுக்கு எத்தனை கிலோ ஆகிவிடப் போகிறது? பூசியதும் காயவிடாமல் துடைத்தெடுக்கத் தெரிந்த ஆளாக இருக்க வேண்டும். விட்டுவிட்டால் டைல்மேல் படலம் கட்டி, பிறகு அதை எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

சுவரோரம் ஒரு கால் இன்ச் விட வேண்டும். ஸ்கர்ட்டிங் வந்து அதை மறைத்துக்கொள்ளும், யார் கண்ணுக்கும் தெரியாது. அந்த இடைவெளியில் கலவையை அடைக்கக் கூடாது. 20, 25 அடிக்குமேல் நீளும் ஹாலாக இருந்தால் நடுவில் ஒரு கோட்டைக் கிரவுட்டுக்குப் பதில் நெகிழ்ந்து கொடுக்கிற சீலன்ட்டால் நிரப்ப வேண்டும். வெயில் நேராக விழும் பால்கனி, மொட்டை மாடி என்றால் 8 முதல் 12 அடிக்கு ஒரு கோடு. மொசைக்கில் கண்ணாடிப் பட்டை செய்த வேலையைத்தான் இந்தக் கோடு செய்கிறது. பழைய ஆட்களுக்குத் தெரிந்திருந்த காரியம், டைல் வந்ததும் மறந்துபோனது. இன்னொன்று பாருங்கள்: மரத்தரை போட வரும் தச்சர் சுவரோரம் 8, 10 மில்லிமீட்டர் விட்டுத்தான் போடுவார். விடாவிட்டால் பலகை உப்பி எழும்பும் என்று அவருக்குத் தெரியும், வீட்டுக்காரரும் மறுபேச்சுப் பேசமாட்டார். அதே வீட்டில் பக்கத்து அறையில் டைலுக்கு விடச் சொன்னால் மட்டும் சண்டை.

இனி ஒட்டும் விதம். விட்ரிஃபைட் டைலுக்குப் பசை, அதாவது டைல் அட்ஹெசிவ், வேண்டும். இந்தியத் தரம் ஐ.எஸ். 15477 அதை டைப் 1 முதல் 5 வரை பிரிக்கிறது. டைப் 1 சாதாரண செராமிக்குக்கு. விட்ரிஃபைட் என்றால் குறைந்தது டைப் 2. பெரிய டைல், வெளிச்சுவர், கிரானைட் என்று போகப் போக மேலே ஏற வேண்டும். மூட்டையிலேயே அச்சடித்திருக்கும். கடையில் "பசை" என்று மட்டும் கேட்டால் இருப்பதில் மலிவானதை எடுத்துத் தூக்கி வைப்பார்கள். அது டைப் 1 ஆகத்தான் இருக்கும்.

பசை வாங்கிவிட்டதால் மட்டும் வேலை முடிந்துவிடாது. பசையை 3 முதல் 6 மில்லிமீட்டர் கனத்துக்குத்தான் போட வேண்டும். பள்ளம் மேட்டை நிரப்ப அது கலவை இல்லை. ஆகவே முதலில் தளத்தைக் கலவை போட்டு மட்டப்படுத்தி, நனைத்து, காயவிட வேண்டும். அதன் பிறகே டைல். இரண்டு முறை கூலியா என்று கேட்பார்கள். ஆமாம், இரண்டு வேலைதான். இதைத் தவிர்க்கத்தான் பலர் பழையபடி வறட்டுக் கலவையைப் பரப்பி, அதன்மேல் பாலுக்குப் பதில் பசையைக் கரைத்து ஊற்றுகிறார்கள். இன்னும் சிலர் டைலின் நான்கு மூலையிலும் நடுவிலும் ஐந்து உருண்டை வைத்து அமுக்குகிறார்கள். அப்படி வைத்த டைலைத் தட்டினால் உருண்டை இருக்கும் இடத்தில் திடமாகவும் மற்ற இடத்தில் பொள்ளலாகவும் கேட்கும். பொள்ளல் இடத்தில் சோபாவின் கால் வந்து உட்கார்ந்தால் அன்றைக்கே விரிசல்.

சரியான வேலை இப்படித்தான் இருக்கும். பல் வைத்த கரண்டியால் தரையில் பசையை ஒரே திசையில் கோடு கோடாக இழுப்பார்கள். பெரிய டைலாக இருந்தால் டைலின் முதுகிலும் மெல்லிசாகத் தேய்ப்பார்கள். வைத்து, லேசாக முன்னும் பின்னும் அசைத்து அமுக்கினால் கோடுகள் படுத்து ஒன்றாகிவிடும், காற்று வெளியேறும். இழுத்து வைத்த பசை மின்விசிறிக் காற்றில் சீக்கிரம் தோல் கட்டும். விரலை வைத்துப் பார்த்து, விரலில் ஒட்டவில்லையென்றால் அதை வழித்தெறிந்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். மேலே தண்ணீர் தெளித்து ஒப்பேற்றக் கூடாது. வீட்டுக்காரர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: வேலை நடக்கும்போது, அப்போதுதான் வைத்த ஒரு டைலைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். முதுகு முழுக்கப் பசை அப்பியிருந்தால் ஆள் சரி. கோபித்துக்கொண்டு தூக்க மறுத்தால் அதுவும் ஒரு பதில்தான்.

கட்டுரையில் டைல் பெயர்களை அள்ளித் தெளித்திருந்தார்கள். வாசகர்களுக்கு அது குழப்பம்தான் தரும். டபுள் சார்ஜ் என்றால் அடி மண் ஒன்று, மேலே 3, 4 மில்லிமீட்டருக்கு வேறு நிற மண், இரண்டையும் சேர்த்து அழுத்திச் சுட்டது. தேய்ந்தாலும் சட்டென்று நிறம் போகாது. டிசைன்கள் குறைவு. ஜி.வி.டி. என்பது விட்ரிஃபைட் உடம்பின்மேல் டிசைனைப் பிரிண்ட் அடித்து, மேலே கண்ணாடிப் பூச்சுக் கொடுத்தது. அதையே பளபளவென்று தேய்த்து விட்டால் பி.ஜி.வி.டி. மார்பிள் மாதிரி, மரம் மாதிரி, செட்டிநாட்டு ஆத்தங்குடிப் பூ டைல் மாதிரி என்று கடையில் மயக்குவதெல்லாம் இந்த இரண்டும்தான். ஃபுல் பாடி என்றால் மேலிருந்து கீழ்வரை ஒரே நிறம். எது எது என்று தெரிந்துகொள்ளப் படிப்பறிவு வேண்டாம். கடையில் உடைந்த துண்டு கிடக்கும். அதன் ஓரத்தைப் பாருங்கள். தாள் ஒட்டியது போல மேலே மெல்லிய கோடு மட்டும் தெரிந்தால் ஜி.வி.டி. ஒரு விரல்நகக் கனத்துக்கு மேலாக இரண்டு அடுக்கு தெரிந்தால் டபுள் சார்ஜ். படிக்கட்டு ஓரத்தை வளைத்துத் தேய்க்க ஃபுல் பாடியால்தான் முடியும். ஜி.வி.டி.யில் அப்படிச் செய்தால் உள்ளே இருக்கும் மண் நிறம் பல்லை இளிக்கும்.

அளவு விஷயத்தில் தினமும் ஒரு பஞ்சாயத்து நடக்கும். 2-க்கு 2 டைல் என்று வாயால் சொல்கிறோம். உண்மையில் அது 600-க்கு 600 மில்லிமீட்டர். இரண்டு அடிக்கு ஒரு சென்டிமீட்டர் குறைவு. ஒரு பெட்டியில் 4 டைல் என்றால் 16 சதுர அடி என்று கணக்குப் போடுகிறார்கள். சரியான கணக்கு 1.44 சதுர மீட்டர், அதாவது 15.5 சதுர அடி. ஆயிரம் சதுர அடி வீட்டுக்கு 63 பெட்டி போதும் என்று வாங்கினால், வெட்டுக் கழிவு எதுவும் இல்லாமலேயே 65 பெட்டி கேட்கும். கழிவுக்கும் ஸ்கர்ட்டிங்குக்கும் தனியாகச் சேர்க்க வேண்டும். குறுக்காக, அதாவது டயமண்டாகப் போடச் சொன்னால் கழிவு இன்னும் கூடும். குறைந்துபோய் இரண்டு மாதம் கழித்து அதே டைலை வாங்கப் போனால் பெயர் அதேதான் இருக்கும், நிறம் ஒரு இழை மாறியிருக்கும். பெட்டியின் பக்கவாட்டில் பேட்ச் நம்பரும் ஷேட் நம்பரும் போட்டிருப்பார்கள். லோடு இறங்கும்போதே எல்லாப் பெட்டியிலும் அந்த இரண்டும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ஒட்டிய பிறகு பார்த்துப் புண்ணியமில்லை. வேலை முடிந்ததும் ஒரு பெட்டியை மிச்சம் வைத்துப் பரண்மேல் போட்டுவிடுங்கள். பிளம்பர் என்றைக்காவது வந்து ஒரு டைலை உடைக்காமல் போகமாட்டார்.

ஆத்தங்குடி டைலைச் சுட்டது என்று கட்டுரையில் எழுதியிருந்தது. அது சூளையையே பார்த்ததில்லை. கண்ணாடித் தட்டின்மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ அச்சை இறக்கி, கலர் சிமெண்டைக் கரண்டியால் ஊற்றுவார்கள். அச்சை எடுத்துவிட்டு, மேலே உலர்ந்த சிமெண்ட் மணலைத் தூவி, அதற்கும் மேலே கலவை நிரப்பி, காய வைத்துத் தண்ணீரில் போட்டுப் பதப்படுத்துவார்கள். கண்ணாடியைப் பார்த்திருந்த பக்கம்தான் தரையில் மேல்பக்கமாக வரும். அந்த வழவழப்புக் கண்ணாடி கொடுத்தது. பிறகு மனிதக் காலும் தேங்காய் எண்ணெய்த் துடைப்பும் கொடுப்பது. இதைப் பாத்ரூம் ஆசிட் ஊற்றிக் கழுவினால் சிமெண்ட் அரித்துப் பூவெல்லாம் வெளுத்துவிடும். சிமெண்டில் சிவப்புக் காவி கலந்து போட்ட பழைய காவித் தரைக்கும் இதே விதிதான். காரைக்குடிப் பக்கம் பழைய வீட்டை வாங்கிப் புதுப்பிக்கிறவர்கள் முதலில் செய்யும் பாவம் அந்த ஆசிட் வாளிதான். ஆத்தங்குடிக்குச் சிமெண்ட் கலவையே சரி. அது துளையுள்ள கல், பால் குடிக்கும். ஆகவே நான் சிமெண்டுக்கு விரோதி இல்லை.

மார்பிள், கடப்பா இரண்டும் சுண்ணாம்புக் கல் சாதி. புளித்தண்ணீரும் எலுமிச்சையும் பட்டால் பாலிஷ் போய்விடும். அதனால் சமையல் மேடைக்குக் கிரானைட் என்பது சரியான வழக்கம். இத்தாலியன் மார்பிளைப் பற்றிப் பேசும் வீடுகள் எங்கள் பக்கம் குறைவு. ஆகவே எனக்குத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளப் போவதில்லை.

மரத்தரை என்று கட்டுரையில் போட்டிருந்த படம் லாமினேட். அது மரத்தூளை அழுத்திச் செய்த பலகைமேல் மரத்தின் படம் ஒட்டியது. ஏ.சி. 3, ஏ.சி. 4 என்று தேய்மானத்துக்கு நம்பர் இருக்கும். குளிர்சாதனத்துக்கும் அந்த எழுத்துக்கும் சம்பந்தமில்லை, ஒருவர் என்னிடம் கேட்டார், அதனால் சொல்கிறேன். வாளித் தண்ணீர் ஊற்றி வீடு கழுவும் நம் ஊர்ப் பழக்கத்துக்கு அது ஒத்துவராது, மூட்டில் தண்ணீர் இறங்கினால் ஓரம் உப்பும். தண்ணீர் தாங்க வேண்டுமென்றால் எஸ்.பி.சி. என்று வருகிறது, கல்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து செய்த பலகை. ஒன்றில் ஒன்றை மாட்டிப் போடுவது. கீழே தளம் மட்டமாக இல்லையென்றால் நடக்க நடக்க மாட்டல் உடையும். சுருளாக வரும் பிளாஸ்டிக் விரிப்பான வினைல் ரோலுக்குத் தளத்தில் ஈரமே இருக்கக்கூடாது. தரைத்தளத்தில் ஈரம் ஏறும் வீடாக இருந்தால் பசை விட்டு, குமிழியாக எழும்பும்.

கார்ப்பெட்டை சுவரிலிருந்து சுவர்வரை விரித்துக்கொள்ளும்படி ஆலோசனை சொல்லியிருந்தார்கள். ஏ.சி. அலுவலகத்துக்குச் சரி. அங்கேகூட ரோலை விட 50 சென்டிமீட்டர் கார்ப்பெட் டைல்தான் நல்லது. டீ கொட்டினால் அந்த ஒன்றை மட்டும் கழற்றி மாற்றலாம். நூல் வளையமாக நிற்பது லூப், வளையத்தை வெட்டிவிட்டது கட். நடமாட்டம் அதிகம் என்றால் லூப்தான் தாங்கும். ரோலை விரித்தால் ஓரத்தில் ஆணி முளைத்த மரப்பட்டை அடித்து, அதில் இழுத்து மாட்டுவார்கள், கீழே அண்டர்லே மெத்தை. எங்கள் ஊர்ப் புழுதியில், ஜன்னலைத் திறந்துவைத்து வாழும் வீட்டில், இதை யார் பெருக்குவது? ஒரு பவானி ஜமக்காளத்தை விரித்துக்கொண்டு, சாயங்காலம் உதறி மடித்து வைப்பவர் எவ்வளவோ புத்திசாலி. குழந்தைக்கு இருமல் இருக்கும் வீட்டில் நான் கார்ப்பெட் வேலை எடுப்பதில்லை.

இத்தனையும் எழுதக் காரணம், எங்களிடம் வேலை கொடுக்கும் சீட்டில் ஒரே வரிதான் இருக்கிறது: "டைல்ஸ் வேலை, சதுர அடிக்கு இவ்வளவு." அதற்குள் தளம் மட்டப்படுத்துவது சேர்ந்ததா, பசை யார் வாங்குவது, எந்த டைப், ஸ்பேசர் எத்தனை மில்லிமீட்டர், கிரவுட் சிமெண்டா எபாக்ஸியா, ஸ்கர்ட்டிங் அடிக்கணக்கா சதுர அடிக்கணக்கா, சுவரோர இடைவெளி உண்டா, எதுவும் கிடையாது. குறைந்த ரேட் சொல்கிறவர் இதில் எதையெல்லாம் விழுங்கிவிட்டுக் குறைத்தார் என்று வீட்டுக்காரருக்குத் தெரியாது. எழுதி வாங்கிக்கொண்டால் எங்களைப் போன்றவர்களுக்கும் நல்லது. முழு வேலை செய்கிறவன் ஏன் கூடக் கேட்கிறான் என்று அந்தச் சீட்டே சொல்லிவிடும். உங்கள் இணைப்பில் கடைசிப் பக்கம் ரேட் பட்டியல் ஒன்று போடுகிறீர்கள். அதில் டைல் விலைக்குப் பக்கத்தில் இந்த வேலைகளையும் தனித்தனி வரியாகப் பிரித்துப் போட்டால், அதைக் கிழித்து வைத்துக்கொண்டே வாசகர்கள் மேஸ்திரியிடம் பேசலாம்.

அடுத்த வாரம் பாத்ரூம் பற்றி எழுதப் போவதாக அறிவித்திருக்கிறீர்கள். தயவுசெய்து தரைக்குப் பளபள டைல் படம் போடாதீர்கள். வழுக்காத் தன்மைக்கு ஆர் 9 முதல் ஆர் 13 வரை நம்பர் இருக்கிறது. நம்பர் கூடக் கூடப் பிடிப்பு அதிகம். குளிக்கும் இடத்துக்கு ஆர் 10-க்குக் குறைந்து போகக்கூடாது. பெரிய டைலைவிட 1-க்கு 1 டைல்தான் அங்கே சரி, அப்போதுதான் தண்ணீர் வடியும் துவாரமான நானி ட்ராப்பைப் பார்த்து நாலா பக்கமும் வாட்டம் கொடுக்க முடியும். வாட்டம் அடிக்கு 1/8 இன்ச் குறையாமல், குளிக்கும் இடத்தில் கால் இன்ச் வரை. டைல் போடுவதற்கு முன்னால் ட்ராப்பை அடைத்து, தண்ணீர் கட்டி, இரண்டு நாள் கழித்துக் கீழ்வீட்டுக் கூரையைப் பார்க்கச் சொல்லி எழுதுங்கள். கட்டுரையாளர் விரும்பினால் எங்கள் சைட்டுக்கு வரட்டும். இப்போது வில்லாபுரத்தில் ஒரு வீட்டில் பாத்ரூம் தளம் மட்டப்படுத்திக்கொண்டிருக்கிறோம். புதன்கிழமை தண்ணீர் கட்டுகிறோம், படமும் எடுத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஒரு டைல்ஸ் மேஸ்திரி,
மதுரை.